நிற்கிற பரீட்சை

ஓடச் சொன்னால் ஓடும்.
இருநூற்றெழுபது குதிரையும்
லாயத்தில் நின்று பழகாதவை.
நிற்கச் சொல்கிறார்கள்.

பழைய மெட்ராஸ் ரோட்டில், பெட்ரோல் பங்க் ஓரம்
டயர் இறங்கிய ஆம்னி வேன்தான் தேர்வுக்கூடம்.
உள்ளே நாகரத்னா, ஒரு கம்ப்யூட்டர்,
பாதி சாப்பிட்ட சித்ரான்னம்.
புகைக்குழாய்க்குள் ஒரு குழாயை விடுவாள்.
திரையில் எண் ஏறும்.
கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்குள்:
அவ்வளவுதான் பாடத்திட்டம்.

முதல் தடவை இரண்டு புள்ளி ஒன்று.
இரண்டாம் தடவை ஒன்று புள்ளி நான்கு.
காற்றடிக்கும் பையன் கண் எரிகிறதென்று
ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனான்.

"குழாயை அந்த ஆல்ட்டோவில் விடறேன்,
போட்டோ மட்டும் உங்க நம்பர் பிளேட்.
இருநூறு கொடுங்க சார்" என்றாள்,
கொசுறுக் கறிவேப்பிலை நீட்டுகிற குரலில்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்.
ஒருத்தர் கிரியேட்டினினை
இன்னொருத்தர் தாளில் எழுதிவிட்டு
சோறு தின்ன முடியாத வேலை.
வேண்டாம் என்றேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
டர்போவின் விலையை வீட்டில்
பாதியாகச் சொன்னவனும் நான்தான்.
மீதிப் பாதி, பி.எஃப். பணம்.

ஜே.சி. ரோட்டில் மன்சூர் சிரித்தான்:
"கேம் பெரிசு. நின்னா
பாதிப் பெட்ரோலை மெல்லாமலே துப்பும்.
ஐயாயிரம் ஆர்.பி.எம்.ல பாரு, பச்சப்புள்ள."
ஐயாயிரத்தில் யார் பார்ப்பது?

கழற்றி மூன்று வருடமாய்ப்
பரணில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்த கன்வர்ட்டரை
மறுபடி மாட்டினோம்.
லேப்டாப்பில் புதிய மேப் எழுதினான்.
கோப்புக்குப் பெயர் கேட்டது.
சாது, என்று அடித்தேன்.
பழைய கோப்பின் பெயரை
காடு, என்று மாற்றினேன்.

கன்வர்ட்டர் கொதித்தால்தான் வேலை செய்யும்.
ஆகவே ஞாயிறு விடியலில்
ஹொஸ்கோட்டை தாண்டி விரட்டித் திரும்பினேன்.
சுத்தமானவன் என்று காட்டுவதற்கு
ஆறு லிட்டர் எரித்தேன்.
டின் ஃபேக்டரியில் இருபது நிமிடம் நின்றது எல்லாம்.
ஊரே நாள் முழுக்க எழுதுகிற பரீட்சைதான் இது,
யாரும் குழாய் விட்டுப் பார்ப்பதில்லை.

எனக்கு முன்னால் ஒரு சரக்கு டெம்போ.
மேகத்தைக் கக்கிவிட்டு
ஒரே நிமிடத்தில் தாளை வாங்கிக்
கண்ணில் ஒற்றிக்கொண்டு போனது.

அடுத்து நான். சர்வர் இல்லை என்றாள்.

பானட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.
காய்ச்சல் இறங்கிவிடக் கூடாதென்று
வேண்டிக்கொண்ட முதல் ஆஸ்பத்திரிக்காரன்
நானாகத்தான் இருக்கும்.

"ஆக்ஸிலேட்டர் பேடா."
எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
புள்ளி ஏழு.
புள்ளி ஆறு.
ஒரு தும்மல். புள்ளி ஒன்பது.
நாகரத்னா ஸ்பூனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.
காற்றடிக்கும் பையனும் வந்து எட்டிப் பார்த்தான்.
புள்ளி ஐந்து ஐந்தில் முரண்டு பிடித்தது,
பள்ளிக்கூட வாசலில் பிள்ளை மாதிரி,
பிறகு
புள்ளி நான்கு எட்டு.

அச்சான தாளில் ஒரு சின்னப் புகைப்படம்:
திருடன் முழியோடு என் வண்டி.
ஆறு மாதம் செல்லும்.
"நிஜ நம்பர் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாள்,
என்னிடம் இல்லை, அந்தப் பையனிடம்.

இந்திராநகர் சிக்னலில்
பக்கத்தில் ஒரு வெள்ளை ஃபார்ச்சூனர் உறுமியது.
சிவப்பு, நூற்றுப் பதினெட்டு நொடி.
சாது பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கியது.
மூடியே வைத்திருந்தேன் என்று எழுதலாம்.
லேப்டாப்பைத் திறந்தேன்.
பேட்டரி நான்கு சதவீதம்.
காடு ஏற அது போதும்.